காமிராவைத் திறக்குமுன் நூலைத் திறப்போம்

நம் இல்லங்களில் பரண்மீதோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய காமிரா ஒன்று துணி சுற்றிக் கிடப்பது வழக்கம். பாட்டனார் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது, பெரியப்பாவின் திருமணத்தைப் படம் பிடித்தது என்று அதற்கு ஒரு வரலாறும் இருக்கும். "ஓடாது; ஆனாலும் எறிய மனமில்லை" என்பார்கள். அத்தகைய காமிராக்களைப் பழுது பார்க்கக் கற்க வேண்டும் என்று நம் மாணவியர் சிலர் இவ்வாண்டு விரும்பியிருக்கின்றனர். அதற்கேற்ற நூல்களை நூலகத்துக்கு வாங்கித் தர வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். நல்ல வேண்டுகோள்தான். ஆனால் எந்த நூலை வாங்குவது? அதைப் பற்றியே என் கருத்தை இம்மலரில் கூற விரும்புகிறேன்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனத்த நூல் எல்லாம் நல்ல நூல் அன்று. எல்லாக் காமிராக்களையும் பற்றிச் சொல்லும் நூலை முதலில் வாங்கலாகாது. எந்தக் காமிராவை வைத்துக் கற்கப் போகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்து, அதற்குப் பொருந்தும் நூலைத்தான் தேட வேண்டும். காமிரா முதலில்; நூல் பிறகு; திருப்புளி அதற்கும் பிறகு.

இது எதற்கு என்று கேட்போருக்கு

கைப்பேசியே படம் எடுக்கும் இந்நாளில் பழைய காமிராவைப் பழுது பார்ப்பானேன் என்று பெற்றோர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, பழைய காமிராவைப் போல் இயற்பியல் பாடத்தைக் கண்முன் காட்டும் பொருள் வேறொன்று கிடைப்பது அரிது. ஒளி விலகலை லென்ஸில் காணலாம். சுருள்வில்லில் சேர்த்து வைத்த ஆற்றல் விடுபடுவதை ஷட்டரில் காணலாம். பற்சக்கரங்களின் விகிதத்தைப் பிலிம் சுற்றும் பகுதியில் காணலாம். ஒளி பட்டவுடன் மின்னோட்டம் தோன்றுவதைச் செலினியம் ஒளிமானியில் காணலாம். கரும்பலகையில் ஒரு மாதம் நடத்தும் பாடத்தை இந்தச் சிறு பெட்டி ஒரு மாலையில் நடத்திவிடும்.

இரண்டாவது, பிலிம் காமிராவின் காலம் முற்றிலும் முடிந்துவிடவில்லை. உதகமண்டலத்தில் 1960-ல் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் உலகில் பிலிமை விரும்புவோர் மீண்டும் பெருகியதால், ரிக்கோ நிறுவனம் 2024-ல் 'பென்டாக்ஸ் 17' என்னும் புதிய பிலிம் காமிராவை வெளியிட்டது. காமிராக்கள் இருக்கின்றன, பிலிமும் கிடைக்கிறது, பழுது பார்க்கும் கைகள்தாம் குறைந்து வருகின்றன. பொருளைப் பழுது பார்த்துப் பயன்படுத்தும் உரிமை நுகர்வோருக்கு வேண்டும் என்னும் எண்ணத்தில் நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையத் தளத்தையே தொடங்கியது. உரிமை வந்தால் போதுமா? அறிவும் வர வேண்டாமா?

சிறுவர் சிறுமியர் கைக்கு இந்த நுண்ணிய வேலை அடங்குமா என்ற ஐயம் எழலாம். இதற்கு வரலாறு விடை சொல்கிறது. உக்ரேன் நாட்டின் கார்கிவ் நகரில், மகரென்கோ என்னும் கல்வியாளரின் பொறுப்பில் 1927-ல் ஓர் இளைஞர் இல்லம் தொடங்கப்பட்டது. ஆதரவற்றுத் தெருவில் திரிந்த பிள்ளைகளே அங்கு வளர்ந்தவர்கள். முதலில் மரவேலை, பிறகு மின்சாரத் துளைக்கருவி என்று படிப்படியாகக் கற்ற அப்பிள்ளைகள், ஜெர்மனியின் லைக்கா காமிராவை முன்மாதிரியாகக் கொண்டு 1934 முதல் 'ஃபெட்' என்னும் காமிராவையே வரிசையாகத் தயாரிக்கலானார்கள். வீடு வாசல் இல்லாத பிள்ளைகள் காமிராவைச் செய்ய முடிந்ததென்றால், நம் மாணவியர் அதைச் சரி செய்யக் கற்க முடியாதா?

ஏட்டுச் சுரைக்காயா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. கைவேலையை நூல் பார்த்துக் கற்க முடியுமா என்று கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கடை மேசையருகே நின்று, மாஸ்டர் செய்வதைப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்து கற்பதே சிறந்த வழி என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசையருகே நிற்க இடம் கிடைத்தது யாருக்கு? பள்ளி விட்டதும் கடையில் போய் நின்றவர்கள் பையன்களே. பெண் பிள்ளைகள் மாலையில் கடைத்தெருவில் நின்று தொழில் கற்க எந்த வீடு சம்மதித்தது?

படம் எடுப்பதில் பெண்கள் பின்தங்கவில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா, கனமான காமிராவைத் தோளில் சுமந்து நாட்டின் விடுதலைக் காலத்தைப் படமாக்கினார். 2011-ல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். எனினும் காமிராவைத் திறந்து உள்ளே பார்க்கும் மேசை மட்டும் பெண்களுக்கு எட்டாத இடமாகவே இருந்துவிட்டது.

ஆகவே நம் மாணவியருக்கு நூலே மாஸ்டர். தவறான திருகில் கை வைக்கும்போது "ஏ பிள்ளை, அதைத் தொடாதே!" என்று அதட்ட அருகில் ஒருவர் இல்லாத குறையை நூல்தான் நிரப்ப வேண்டும். இதனாலேயே, எந்த நூலானாலும் சரி என்று வாங்கிவிடக் கூடாது என்கிறேன். குறையுள்ள நூலால் வீணாவது நூலின் விலை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் நினைவுப் பொருளும் வீணாகும். அதைவிட, "இது நமக்கு வராது" என்று ஒரு பெண் தன் கையின்மேலேயே நம்பிக்கை இழந்துவிடுவாள். அதுதான் பெரிய நட்டம்.

நூலைச் சோதிக்கும் ஆறு கேள்விகள்

கடையிலோ நூலகத்திலோ ஒரு பழுதுபார்ப்பு நூல் கைக்கு வந்தால் அதனிடம் ஆறு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: எப்படித் திறப்பது என்று சொல்வதற்கு முன், எப்படி இயங்குகிறது என்று சொல்கிறதா? திரை ஷட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை விலகிப் பிலிமுக்கு ஒளி விடும். இரண்டாம் திரை பின்தொடர்ந்து வந்து மூடும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் வேகத்தில், முதல் திரை முழுதும் கடக்குமுன்பே இரண்டாவது புறப்பட்டுவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பிளவு ஒன்று பிலிமின் மீது ஓடும். இந்த ஒரு பத்தியைப் புரிந்துகொண்ட மாணவி, படத்தின் ஒரு பக்கம் மட்டும் இருண்டு வந்தால், "இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை" என்று காமிராவைத் திறக்காமலேயே சொல்லிவிடுவாள். இயக்கத்தை விளக்காத நூல், உடற்கூறு சொல்லாமல் அறுவைச் சிகிச்சை கற்பிப்பதைப் போன்றது.

இரண்டு: நோயைக் கண்டறியச் சொல்லித் தருகிறதா? நல்ல மருத்துவர் முதலில் நாடி பார்ப்பார். கத்தியை எடுப்பது கடைசியில். நல்ல நூலிலும் "இந்த அறிகுறி இருந்தால் இதைப் பார்" என்னும் அட்டவணை இருக்கும். நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த யாஷிகா எலக்ட்ரோ 35 காமிராவைச் சான்றாகச் சொல்லலாம். 1966-ல் வெளிவரத் தொடங்கிய வரிசை அது. பிலிமைச் சுற்றும் நெம்புகோலைத் தள்ளும்போது அதனுள்ளே 'டொக்' என்று ஓர் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உள்ளேயுள்ள ஒரு சிறு ரப்பர்த் துண்டு நைந்து உதிர்ந்துவிட்டது என்று பொருள். காதால் கண்டுபிடிக்க வேண்டிய நோய்க்கு லென்ஸைக் கழற்றுவானேன்?

மூன்று: ஆபத்தைப் பற்றி முதல் பக்கங்களிலேயே எச்சரிக்கிறதா? மின்னல் விளக்கு உள்ள காமிராவில் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அதில் ஏறக்குறைய 300 வோல்ட் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பாட்டரியை எடுத்த பின்னும் அது உடனே வடிந்துவிடாது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் சிறு காமிராவிலும் இதே நிலைதான். விளையாட்டாகத் திறந்த விரல் பலமாக அதிர்ச்சி வாங்கும். துடைப்பதற்குப் பயன்படுத்தும் நாப்தா எளிதில் தீப்பற்றும். சில பழைய கையேடுகளில் துடைக்கச் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடோ கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. இவற்றைச் சொல்லாத நூலை, மற்றெல்லா வகையிலும் சிறந்ததாயினும், மாணவியர் கையில் தனியே கொடுக்கலாகாது.

நான்கு: கழற்றுவதைப் போலவே மீண்டும் பூட்டுவதையும் கற்பிக்கிறதா? கழற்றுவது எளிது; அதற்கு நூலே வேண்டாம், ஐந்து வயதுத் தம்பி போதும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரை பல தொடக்கங்கள் கொண்டது. எந்த இடத்தில் கழன்றது என்று அடையாளம் இட்டுக்கொள்ளாமல் பிரித்துவிட்டால், மீண்டும் பூட்டும்போது வேறு தொடக்கத்தில் ஏறிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும்; தொலைவிலுள்ள மலை மட்டும் தெளிவாக விழாது. சில திருகுகள் இடது மரை கொண்டவை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகி, தலை முறிந்துவிடும். சில ஜப்பானியக் காமிராக்களில் அத்தகைய திருகின் தலையில் மூன்று கோடுகள் வெட்டியிருப்பார்கள். பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் நூலில் இருக்கிறதா, அது தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கரி பூசியதுபோல் மங்கிய படங்களுள்ள பிரதியை வாங்குவது வீண் செலவு.

ஐந்து: எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறதா? இது முக்கியமான கேள்வி. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே உள்ள தொலைவு நிக்கான் எஃப் வகைக் காமிராக்களில் 46.5 மில்லிமீட்டர், பென்டாக்ஸ் கே வகையில் 45.46 மில்லிமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம் வரை சொல்கிறார்களே, கவனித்தீர்களா? அந்த அளவு தவறினால் படம் மங்கும். இதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. "இதற்குமேல் நீ போகாதே; தேர்ந்தவரிடம் கொடு" என்று சொல்லும் நூலே மாணவியை மதிக்கும் நூல். அதுபோலவே, எண்ணெய் விடுவது பற்றி அந்நூல் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். தையல் இயந்திரம் சிக்கினால் எண்ணெய் விடும் வழக்கம் நமக்கு உண்டு. இதழ் ஷட்டரின் தகடுகளோ உலர்ந்த நிலையில் இயங்க வேண்டியவை. ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "எண்ணெய் விடு" என்று பொதுவாக எழுதியிருக்கும் நூலை மெல்ல மூடி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆறு: எந்த ஆண்டில் எழுதப்பட்டது? பழைய காமிராவுக்குப் பழைய நூல்தான் பொருந்தும். அதனால் பழமை குற்றமன்று. ஆனால் காலம் மாறியிருப்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்நாளைய ஒளிமானிகள் பல 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரிக்காக அமைக்கப்பட்டவை. பாதரசம் நச்சாதலால் அவை கடைகளிலிருந்து மறைந்தன. அமெரிக்காவில் 1996-ல் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டன. இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பாட்டரியை அதே இடத்தில் போட்டால் பல காமிராக்களில் ஒளிமானி தவறான அளவைக் காட்டும். "ஒளிமானி கெட்டுவிட்டது" என்று ஏமாந்து அதைப் பிரிப்பவர்கள் உண்டு. நூல் பொய் சொல்லவில்லை; உலகம் மாறிவிட்டது. அத்தகைய பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி வைப்பது ஆசிரியையின் கடமை.

சில நூல்களைப் பற்றி

இனி, உள்ள நூல்களைப் பார்ப்போம். இவை எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை.

அமெரிக்கரான எட் ராம்னி எழுதிய 'பேசிக் டிரெய்னிங் இன் காமிரா ரிப்பேர்' தொடக்க நிலையில் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. தாமஸ் டோமோசி எழுதிய 'காமிரா மெயின்டனன்ஸ் அண்ட் ரிப்பேர்' இரண்டு பகுதிகளாக 1990-களில் வந்தது, புகைப்படங்கள் நிறைந்தது, முதற்பகுதி அடிப்படைகளைச் சொல்வது. கொலராடோ மாநிலத்தின் எங்கிள்வுட் நகரிலிருந்து நேஷனல் காமிரா என்னும் நிறுவனம் முன்னாளில் அஞ்சல்வழிப் பாடம் நடத்தியது. அந்தப் பாடப் புத்தகங்கள் ஒரு மாணவனுக்கு ஆசிரியர் பாடம் சொல்வதுபோல் படிப்படியாகச் செல்பவை. மைசன்பெர்க் என்பவர் எழுதிய நூல் ஃபெட், சோர்க்கி, ஸெனித் போன்ற சோவியத் காமிராக்களுக்கானது. இவை தவிர, ஒவ்வொரு நிறுவனமும் தன் பணிமனைகளுக்காக அச்சிட்ட சர்வீஸ் மானுவல் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், கேள்வியே தவறு என்பேன். எந்தக் காமிராவுக்கு, எந்த நிலையில் உள்ள மாணவிக்கு என்று கேட்க வேண்டும். சர்வீஸ் மானுவலைப் போல் துல்லியமானது எதுவுமில்லை. ஆனால் அது பயிற்சி பெற்ற பணியாளருக்காக எழுதியது. "மேல்மூடியை அகற்றுக" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடும். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எந்தச் சுருள்வில் எகிறிக் குதிக்கும் என்று நின்று சொல்லாது. டோமோசியின் நூல் போன்ற பொது நூலோ பல காமிராக்களைத் தொடும். உங்கள் கையிலுள்ள காமிரா அதில் இல்லாமலும் போகலாம். பொது நூல் முறையைக் கற்பிக்கும். மானுவல் அளவைக் கற்பிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றை மட்டும் வாங்குவது ஒற்றைச் சக்கரத்தில் வண்டி ஓட்டுவது போலாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே நான் வைக்க விரும்பும் நூல் ஒன்று உண்டு. காமிராவோடு பெட்டியில் வரும் உபயோகக் கையேடுதான் அது. அதை யாரும் நூலாகவே மதிப்பதில்லை. பென்டாக்ஸ் கே1000 காமிராவில் ஒளிமானியை நிறுத்தத் தனி விசை கிடையாது. லென்ஸை மூடி போட்டு மூடுவதே அதை அடக்கி வைக்கும் வழி. கையேட்டைப் படியாதவர், "பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, உள்ளே ஏதோ பழுது" என்று திருப்புளியைத் தேடுவார். பழுது காமிராவில் இல்லை. இப்படிப் பழுதல்லாத பழுதுகள் எத்தனையோ!

காணொளி போதாதா?

"டீச்சர், எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, நூல் எதற்கு?" என்று மாணவியர் கேட்கின்றனர். காணொளியை நான் வெறுக்கவில்லை. கையை எப்படிப் பிடிப்பது, இடுக்கியை எந்தச் சாய்வில் வைப்பது என்பதை எழுத்தைவிடக் காட்சி நன்றாகக் காட்டும். ஆனால் காணொளியில் நாம் காண்பது ஒருவர் ஒரு காமிராவை ஒரு முறை பழுது பார்த்ததை. நம் காமிராவில் அதே அறிகுறிக்கு வேறு காரணம் இருந்தால் அது விடை சொல்லாது. நூலிலோ பொருளடக்கம் உண்டு, அட்டவணை உண்டு, முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். காணொளி துணைவன், நூல் ஆசான்.

கைப்பேசிக்கு வேறொரு நல்ல வேலை உண்டு. அதன் மெதுவோட்டப் படப்பிடிப்பில் விநாடிக்கு 240 காட்சிகள் பதிவாகும் என்று வைத்துக்கொள்வோம். விநாடியில் அறுபதில் ஒரு பங்கு திறக்கும் ஷட்டர் அதில் 4 காட்சிகளில் திறந்து தெரிய வேண்டும். ஏழு எட்டுக் காட்சிகளில் திறந்திருந்தால் ஷட்டர் சோம்பிவிட்டது என்று அறியலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தை இம்முறையில் அளக்க முடியாது. ஏனெனில் ஒரு காட்சியின் நேரமே அதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். இந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கும்.

என் வேண்டுகோள்

அருட்சகோதரியர்க்கும் நூலகப் பொறுப்பாளருக்கும் என் ஆலோசனை இதுவே. கீழ் வகுப்பு மாணவியருக்கு இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய காமிராவைத் தேர்ந்தெடுப்போம். அதில் பாட்டரியும் இல்லை. மின்சார ஆபத்தும் இல்லை. மேல் வகுப்பினருக்கு 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 ஏற்றது; அதன் பாட்டரி ஒளிமானிக்கு மட்டுமே, மற்றவை எல்லாம் இயந்திர விசையால் ஓடுபவை. மின்னணு ஷட்டர் உள்ளவற்றையும் மின்னல் விளக்கு உள்ளவற்றையும் பின்னாளுக்கு ஒதுக்கி வைப்போம். பிறகு வாங்க வேண்டியவை நான்கு: அந்தக் காமிராவின் உபயோகக் கையேடு, இயக்கத்தை விளக்கும் ஓர் அடிப்படை நூல், அதே காமிராவுக்கான சர்வீஸ் மானுவல், நிறைவாக டோமோசி போன்ற ஒரு பொது நூல். இந்த வரிசையிலேயே வாங்கலாம். பணம் பாதியில் தீர்ந்தாலும் தேவையானவை முதலில் வந்திருக்கும். இந்நூல்களிற் பல இப்போது மறுபதிப்பில் இல்லாததால் பழைய பிரதிக்குச் சிலர் யானை விலை சொல்வர். அந்த விலைக்கு வாங்க வேண்டியதில்லை, காத்திருப்போம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். வீட்டிலுள்ள அருமையான காமிராவை முதற்பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சாமான் கடையில், இனித் தேறாது என்று ஒதுக்கிய காமிராவே முதற்பாடத்துக்கு உரியது. அதுவரை வீட்டுக் காமிராவைத் தோல் உறையிலிருந்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதே நம் பக்கத்துக் காமிராக்களின் பெரிய நோய். வராமல் காப்பது வந்தபின் துடைப்பதைவிட எளிது. உங்கள் மகள் மேசையில் துணி விரித்துத் திருகுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தால், "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விளக்கை அவள் பக்கமாகத் திருப்பி வையுங்கள், அது போதும்.

அன்பு மாணவியரே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். நான் குறிப்பிட்ட நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் எளிதில் வராத உங்கள் தோழி பின்தங்கிவிடக் கூடாது. இருவர் இருவராய்ச் சேருங்கள். ஒருத்தி படித்துத் தமிழில் சொல்லட்டும். மற்றவள் கையால் செய்யட்டும். அடுத்த முறை இடம் மாறுங்கள். ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு காமிராவுக்கும் அதன் பெயர், அறிகுறி, கழற்றிய வரிசை, திருகுகளின் எண்ணிக்கை, கண்ட காரணம், செய்த சிகிச்சை, தீராத குறை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். திருகு, மரை, பற்சக்கரம், சுருள்வில், நெம்புகோல் என்று நம் பட்டறைகளில் வழங்கும் நல்ல சொற்களே போதும். ஷட்டர், லென்ஸ் என்பவற்றை அப்படியே எழுதுங்கள். அதனால் தமிழுக்குக் குறை வராது. சரி செய்ததை மட்டுமன்றி, சரி செய்ய முடியாமல் போனதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அடுத்து வருபவளுக்கு அதுவே அதிகம் உதவும்.

ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் எழுதினால் அந்த நோட்டுப் புத்தகம் நம் நூலகத்தில் மற்ற நான்கு நூல்களோடு ஐந்தாவதாக நிற்கும். நம் ஊரின் ஈரக்காற்றையும், நம் வீடுகளில் உள்ள காமிராக்களையும், நம் கைகளையும் அறிந்த நூலாக அது இருக்கும். நூலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவளே ஒரு நாள் நூலை எழுதவும் வல்லவளாவாள். அந்த நாளுக்கான முதற்பக்கத்தை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.